வீட்டுப் பிரசவம்: பூஜ்யம்

இங்க உக்காருங்க டீச்சர், ஜன்னல் பக்கம். நான் தள்ளிக்கறேன். டீச்சர்னு எப்படிக் கண்டுபிடிச்சேன்னு பாக்கறீங்களா? பையில சிவப்புப் பேனா, விரலெல்லாம் சாக்பீஸ். பதினோரு வருசமா வீடு வீடா ஏறி எறங்கறவ நான். ஆளப் பாத்தா என்ன வேலைன்னு சொல்லிடுவேன். பொம்பளைங்க நடையப் பாத்தா எத்தனாவது மாசம்னு சொல்லிடுவேன்.

நான் நர்சு. ஆஸ்பத்திரி நர்சு இல்ல, கிராமத்து நர்சு. ஓடைக்கொல்லை ஹெல்த் சென்டர். மலை மேல ஏழு ஊரு, அத்தனைக்கும் நான் ஒருத்தி. சுலோச்சனான்னு பேரு இருக்கு, ஆனா நர்சம்மான்னுதான் கூப்பிடுவாங்க. எனக்கே சில நேரம் என் பேரு மறந்துபோகுது.

கீழ ஆபீசுக்குப் போறேன். பதினோரு மணிக்கு விசாரணை. ஆமா, என்னையத்தான் விசாரிக்கப் போறாங்க. நல்லாப் பாத்துக்கங்க என் மூஞ்சிய. பதினோரு வருசம் ஒரு தப்பு தண்டா கிடையாது, இப்ப குற்றவாளி மாதிரி கூப்பிட்டு நிக்க வெக்கறாங்க. வயிறு எரியுது டீச்சர்.

அதோ முன்னால மூணாவது சீட்டு, ரோஸ் சேலை, மடியில மஞ்சப் பை. தெரியுதா? அவ சௌந்தரி. எலந்தம்பட்டுக்காரி. அவளும் என்கூடத்தான் விசாரணைக்கு வர்றா. அவளோட குழந்தை செத்துப்போன விஷயமாத்தான் கூப்பிட்டிருக்காங்க. கொஞ்சம் மெதுவாப் பேசிக்குவோம். இந்த டப்பா பஸ் சத்தத்துல அவளுக்குக் கேக்காது, இருந்தாலும்.

அங்க போய்ப் பேசறதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது சொல்லிப் பாத்துக்கணும்னு இருந்தேன். உங்களுக்குப் புரியும். நீங்களும் நோட்டுப் புத்தகத்துல டிக் போடற உத்தியோகம்தானே.

முதல்ல இதக் கேளுங்க. எங்க ஆபீஸ் சுவத்துல ஒரு சார்ட்டு இருக்கு. ஒவ்வொரு சென்டருக்கும் ஒரு கட்டம். வீட்டுல பிரசவம் நடக்காத சென்டருக்குப் பச்சை. ஒண்ணு நடந்தாலும் சிவப்பு. மாசாமாசம் மீட்டிங்ல சிவப்புக்காரிய எழுப்பி நிக்க வெப்பாங்க. அம்பது பேரு உக்காந்திருக்கற இடத்துல, ஏம்மா, என்ன பண்ணிட்டிருந்த, தூங்கிட்டிருந்தியா. அப்படிக் கேப்பாங்க. தலை நரைச்சவளையும் கேப்பாங்க. நான் வந்த முதல் மாசம் நின்னேன். எனக்கு முன்னாடி இருந்தவ காலத்துல நடந்த பிரசவத்துக்கு நான் நின்னேன். அன்னைக்கு முடிவு பண்ணேன், இனி செத்தாலும் நிக்க மாட்டேன்னு.

நிக்கல. பதினோரு வருசம் பச்சை. ஓடைக்கொல்லை, வீட்டுப் பிரசவம் பூஜ்யம். மேடையில கூப்பிட்டு சால்வை போட்டிருக்காங்க. அந்தப் பூஜ்யம் சும்மா வந்துச்சா? ரோடு இல்லாத ஊருல போர்வையக் கம்புல கட்டித் தூக்கிட்டு வந்திருக்கோம். கம்புக்கு ஒரு பக்கம் புருசன், இன்னொரு பக்கம் நான். மழையில பாறை வழுக்கி முட்டி பேந்து, பாருங்க, இந்தத் தழும்பு. தேதி நெருங்கறதுக்குப் பத்து நாள் முன்னாடியே பொண்ணுங்களக் கூட்டிட்டுப் போய் கீழ பி.எச்.சி.ல, அதான் ஆரம்ப சுகாதார நிலையத்துல, காத்திருக்கற ரூம்ல விட்டுடுவேன். வரமாட்டேன்னு அழறவள மிரட்டுவேன். மாமியா தடுத்தா மாமியாளயும் மிரட்டுவேன். பத்துப் பொண்ணு என்னையத் திட்டியிருப்பாளுக, ஆனா பத்தும் உயிரோட இருக்காளுக. இதையெல்லாம் எந்த டாக்டர் பண்ணான்? சொல்லுங்க.

சௌந்தரி விஷயத்துல ஒரே ஒரு தப்பு நடந்துபோச்சு. அதுவும் என் தப்பு இல்ல, இரக்கப்பட்டேன், அதான்.

அவளுக்கு ரெண்டாவது பேறு. மொதல் குழந்தை வயித்துலயே போயிடுச்சு. அதனால இந்தக் குழந்தைமேல உசிரு. தேதி பாத்தா பங்குனிக் கடைசி. நடுவுல எலந்தம்பட்டுல மாரியம்மன் பண்டிகை வந்துச்சு. அவங்க வழக்கம் உங்களுக்குத் தெரியாது. செவ்வாக்கிழமை காப்பு கட்டினா, பத்து நாள் ஊருக்குள்ள இருக்கறவங்க எல்லையத் தாண்டக் கூடாது. தாண்டினா அம்மாவுக்கு ஆகாதுன்னு பயம். காப்பு கட்டறதுக்கு முதல் நாள் நான் போனேன், இவளக் கூட்டிட்டுப் போக. மாமியாக்காரி கையப் புடிச்சுக்கிட்டா. இன்னும் பதினெட்டு நாள் இருக்குல்ல நர்சம்மா, பண்டிகை முடிஞ்ச மறுநாள் நானே கொண்டாந்து விடறேன், தலைப்பேறுதான் அப்படிப் போச்சு, இதுக்காச்சும் அம்மா முன்னாடி வேண்டிக்கட்டும்னா. சௌந்தரி வயித்துல கைய வெச்சுக்கிட்டு என்னையே பாத்துட்டு நின்னா.

சரி, இருங்கன்னுட்டு வந்துட்டேன். வாழ்க்கையில ஒரு தடவ மிரட்டாம வந்தேன்.

வெள்ளிக்கிழமை விடியக்காலையில பொறந்துடுச்சு. ரெண்டு வாரம் முந்தி. மாமியாவும் ஓரகத்தியும் சேந்து பாத்திருக்காங்க. நான் ஒம்பது மணிக்கு மூச்சிறைக்கப் போய்ச் சேந்தேன். பொம்பளப் புள்ள. ரெண்டு கிலோ முந்நூறு. நல்லா அழுதுச்சு, நல்லாப் பால் குடிச்சுது. தலை நெறைய முடி. தாய்க்கு உதிரம் கொஞ்சம் அதிகமாப் போயிட்டிருந்துச்சு, அதுக்கு ஊசி போட்டு நிறுத்தினேன். அந்த ஊசி என் பையில இருந்துச்சு, எப்பவும் வெச்சிருப்பேன். அன்னைக்கு நான் போகலன்னா இவ அங்கயே போயிருப்பா. இத யாராவது எழுதினாங்களா? இதுக்கு விசாரணை வெச்சாங்களா?

குழந்தைக்கும் ஒரு ஊசி உண்டு. பொறந்த உடனே தொடையில போடணும். ரத்தம் உறையறதுக்கான ஊசி, வைட்டமின்தான். பச்சக் குழந்தைக்கு உடம்புல அது பத்தாது. போடலன்னா நூத்துல ஒண்ணுக்கோ ஆயிரத்துல ஒண்ணுக்கோ உள்ள ரத்தம் கசியும். அந்தக் குப்பி என்கிட்ட இல்ல. கீழ பி.எச்.சி.ல இருந்துச்சு. சென்டர்ல பிரசவம் நடந்தாத்தானே அது வேணும், நான்தான் எல்லாரையும் கீழ அனுப்பிடறேனே.

அந்த வீட்டு வாசல்ல நின்னு யோசிச்சேன் டீச்சர். பதினோரு வருசப் பச்சை. அடுத்த வாரம் மீட்டிங். நான் பொய் சொல்லி வளந்தவ இல்ல. ஆனா அந்த மைக்கு முன்னாடி இந்த வயசுல எந்திரிச்சு நிக்கறத நெனச்சேன். மாமியாக்காரிகிட்ட சொன்னேன், யாராச்சும் கேட்டா சென்டர்ல பொறந்துச்சுன்னு சொல்லுங்கன்னு. அவங்களுக்கு என்ன, நீங்க சொன்னா சரி நர்சம்மான்னுட்டாங்க.

சென்டர்ல பொறந்ததுன்னு ஆபீஸ் குடுத்த போன் ஆப்புல ஏத்தினா, அது சும்மா விடாது. வரிசையாக் கேக்கும். அழுததா? ஆமா. எடை? போட்டேன். ஒரு மணி நேரத்துல பால் குடுத்ததா? ஆமா. ஊசி போட்டதா? இங்க இல்லைன்னு போட்டா, ஏன் இல்லைன்னு காரணம் கேக்கும். சென்டர்ல பொறந்த குழந்தைக்கு ஏன் ஊசி இல்ல? என்னத்த எழுதுவேன்? எழுதினா பத்து நிமிசத்துல ஆபீஸ்ல இருந்து போன் வரும். ஆமான்னு போட்டேன். அதுக்கப்புறம் தாய்-சேய் கார்டுலயும் எழுதணும், ரெண்டும் ஒத்துப்போகணும்ல. எழுதினேன். தேதி, கையெழுத்து எல்லாம்.

ஏமாத்தணும்னு எழுதல. புதன்கிழமை தடுப்பூசி நாள், எப்படியும் குப்பியெல்லாம் எடுத்துட்டு மேல போவேன், அப்பச் சேத்துப் போட்டுடலாம்னுதான். அஞ்சு நாள் முன்னப் பின்ன. நீங்க என்ன, வராத பிள்ளைக்கு வந்ததா டிக் போட்டதில்லையா? மதியம் வந்துடுவான்னு போடறதுதானே. எல்லாரும் பண்றதுதான்.

திங்கக்கிழமை பாக்கப் போனேன். நல்லா இருந்துச்சு. சௌந்தரி கார்ட எடுத்து நீட்டினா. அவளுக்குப் படிக்க வராது, ஆனா அந்தக் கார்ட மஞ்சத்துணியில சுத்தி சாமி படத்துக்குப் பின்னால வெச்சிருந்தா. நான் தொறந்து பாத்தேன். ஊசி, டிக். என் கையெழுத்து. பாத்துட்டு மூடிக் குடுத்துட்டேன். இத நீங்க நம்புவீங்களோ மாட்டீங்களோ, அந்த நிமிசம் எனக்கே போட்டாச்சுன்னு ஆயிடுச்சு. எழுதினா எழுதினதுதான், மனசும் அதத்தான் நம்புது.

செவ்வாக்கிழமை சாயங்காலம் மாமியா போன் பண்ணா. பாறை மேல ஏறி நின்னாத்தான் அங்க டவர் கிடைக்கும். தொப்புள்ல ரத்தம் கசியுது நர்சம்மான்னா. என்ன வெச்சீங்கன்னு கேட்டேன். வசம்பு கருக்கி எண்ணெயில கொழச்சு சௌந்தரி தடவினாளாம். எனக்கு எப்படி இருந்திருக்கும்? தொப்புள்ல ஒண்ணும் வெக்காதே, வெக்காதேன்னு பதினோரு வருசமாத் தொண்டத்தண்ணி வத்தக் கத்தறேன். வாங்கு வாங்குன்னு வாங்கிட்டேன். போனை சௌந்தரிகிட்ட குடுக்கச் சொல்லி அவளையும் கேட்டேன், மொத குழந்தையத்தான் முழுங்கிட்ட, இதையும் முழுங்கணுமா உனக்குன்னு. கோவத்துல சொன்னது. நல்லதுக்குத்தானே சொல்றோம். சுத்தமான துணியால தொடச்சு விடு, காலையில வர்றேன்னேன்.

காலையில நான் மேல ஏறறதுக்கு முன்னாடியே, சௌந்தரியும் புருசனும் குழந்தையத் தூக்கிட்டுக் கீழ வந்துட்டாங்க. காப்பு எல்லையத் தாண்டி. பிரசவத்துக்குத் தாண்டாத எல்லை டீச்சர். மாமியாளே தள்ளிவிட்டிருக்கா, அம்மா பாத்துக்குவா, நீ ஓடுன்னு. ரோடு முனையில ஆம்புலன்சுக்கு நின்னிருந்தாங்க. நான் தடுப்பூசிப் பெட்டியோட பஸ்ஸ விட்டு எறங்கறேன். குழந்தை வெள்ள வெளேர்னு இருக்கு. கறுப்பா வாந்தி எடுத்திருக்கு. சௌந்தரி அழல. நர்சம்மா வந்துட்டாங்க, நர்சம்மா வந்துட்டாங்கன்னு குழந்தைகிட்ட சொல்லிட்டிருந்தா.

குப்பி என் பெட்டியிலதான் இருந்துச்சு. அன்னைக்கு எடுத்துட்டு வந்திருந்தேன்ல, அந்தக் குழந்தைக்குன்னே. ஊசி இருந்துச்சு, பஞ்சு இருந்துச்சு. ரெண்டு நிமிச வேலை.

அதுக்குள்ள ஆம்புலன்ஸ் வந்துடுச்சு. அதுல வந்தவரு கார்டக் கேட்டாரு, வாங்கிப் பாத்தாரு, பொறந்தப்போ ஊசி போட்டாச்சு இல்லன்னு கேட்டாரு. அவர் முன்னாடி நான் எப்படி எடுத்துப் போடறது? போட்டாச்சுன்னு என் கையெழுத்துல இருக்கே. ரெண்டாவது தடவ எதுக்குன்னு கேக்க மாட்டாரா? போட்டாச்சுங்கன்னேன். பெரிய ஆஸ்பத்திரியில பாத்துக்குவாங்க, அங்க இல்லாததா. எத்தனை மிசினு, எத்தனை டாக்டரு. கார்ட சௌந்தரி கையில குடுத்து, இதத் தொலைக்காத, அங்க காட்டுன்னு சொல்லி ஏத்திவிட்டேன். அப்புறம் மேல போய் எனக்கு இருந்த பதினாலு குழந்தைக்கும் தடுப்பூசி போட்டேன். வேலைய விடல.

அங்க என்ன பண்ணாங்க? கார்டு காட்டியிருக்கா. ஊசி போட்டாச்சுன்னு இருக்கு, அப்ப இது அந்த வைட்டமின் குறைச்சல் இல்ல, வசம்பு வெச்சதுல கிருமி ஏறி ரத்தத்துல கலந்திருக்குன்னு அதுக்கு மருந்து ஏத்தியிருக்காங்க. சாயங்காலமாத்தான் ஒருத்தர் எதுக்கும் இருக்கட்டும்னு அந்த வைட்டமின் ஊசியப் போட்டாராம். அதுக்குள்ள தலைக்குள்ள ரத்தம் கசிஞ்சிடுச்சு. வியாழக்கிழமை மதியம் முடிஞ்சுபோச்சு. அவ்வளவு படிச்சவங்க, ஒரு கார்டப் பாத்துட்டு நம்பிடறதா? நாலு தடவ யோசிக்க வேண்டாமா? அவங்கள யாரு விசாரிக்கறா?

நானும் அழுதேன். ஏன் அழ மாட்டேன், கல்லா நான்? ரெண்டு நாள் சாப்பிடல.

அதோட முடிஞ்சிருக்கும். சின்னக் குழந்தை, எடை கம்மி, வசம்பு வெச்சாங்கன்னு நான் ரிப்போர்ட் எழுதி அனுப்பிட்டேன். ஊருலயும் அப்படித்தான் பேசிக்கிட்டாங்க. நடுவுல இந்த அருண்மொழி வந்தான். பி.எச்.சி. டாக்டரு. வந்து ஏழு மாசம், மீசை இப்பத்தான் முளைக்குது. ஒவ்வொரு சாவையும் கிண்டிக் கெளறணுமாம் அவனுக்கு. என் பெட்டியத் தொறந்து பாத்தான். குப்பி உடைக்காம இருக்கு. அத நான் எப்ப வாங்கினேன்னு பாத்தான். குழந்தை பொறந்து அஞ்சாம் நாள். அப்ப வெள்ளிக்கிழமை எந்த ஊசியப் போட்டீங்க சிஸ்டர்னு கேட்டான். சிஸ்டர்னு வேற. மேல எழுதிட்டான். என் பச்சைய ஒரே கையெழுத்துல அழிச்சுட்டான்.

இன்னைக்குக் கேக்கப் போறது ஒரே கேள்விதான். ஊசி போட்டியா இல்லையா? பழைய குப்பி ஒண்ணு மீதி இருந்துச்சு, அதப் போட்டேன்னு சொல்லப் போறேன். சாட்சிக்கு சௌந்தரி. நான் அவளக் கட்டாயப்படுத்தல டீச்சர், சத்தியமா. போன வாரம் அவ வீட்டுக்குப் போனேன். இந்த மாதிரி, என் வேலை போயிடும் போலிருக்கு, நீ வந்து குழந்தை தொடையில நர்சம்மா ஊசி போட்டாங்கன்னு ஒரு வார்த்த சொல்லணும்னேன். அவ யோசிக்கவே இல்ல. அன்னைக்கு நான் அரை மயக்கத்துல கெடந்தேன், எனக்குப் போட்டப்ப குழந்தைக்கும் போட்டிருப்பீங்க, சொல்றேன்னா. போட்டீங்களான்னு ஒரு வார்த்த கேக்கல. நல்ல பொண்ணு.

ஆனா ஆளு ஒரு மாதிரி ஆயிட்டா. ஓரகத்திக்கு இப்ப ஒரு குழந்தை பொறந்திருக்கு. அத இவ தொடறதே இல்ல. தொட்டில் ஆடலன்னா தள்ளி நின்னு குச்சியால ஆட்டறாளாம். என் கை ஆகாத கைங்கறாளாம். இனி குழந்தையே வேண்டாம்னு புருசன்கிட்ட சொல்லிட்டா. அவன் வேற பொண்ணு பாக்கறதாப் பேச்சு. மாமியாக்காரி என்கிட்ட அழறா, நீங்க சொன்னாத்தான் கேப்பா, ஒரு வார்த்த சொல்லுங்க நர்சம்மான்னு. நான் என்ன சொல்ல முடியும்? வசம்பால இல்லன்னு சொன்னா, அப்ப எதனாலன்னு கேப்பால்ல.

காலையில பஸ் ஏறறதுக்கு முன்னாடி ஸ்டாப்புல நிக்கறப்ப, திடீர்னு என் கையப் புடிச்சுக்கிட்டா. என்னைய மன்னிச்சுடுங்க நர்சம்மான்னா. எதுக்குடின்னேன். நீங்க அத்தனை தடவ சொன்னீங்க, நான் கேக்காம வசம்பு வெச்சுட்டேன், என் கையாலயே என் புள்ளயக் கொன்னுட்டேன், என்னால உங்க பேரும் கெட்டுப்போச்சுன்னா. பஸ் ஸ்டாப்புல எல்லாரும் பாக்கறாங்க. அந்தக் கார்டு இன்னும் அவகிட்டதான் இருக்கு, மஞ்சப் பையில. அதையும் கொண்டு வந்திருக்கா, நீங்க போட்டதுக்கு ஆதாரமாக் காட்டலாம்னு.

எனக்கும் மனசு எளகிடுச்சு. எத்தனை நாள் கோவத்த வெச்சுக்கறது? சரி விடு, நான் மன்னிச்சுட்டேன்னு சொன்னேன். கண்ணத் தொடச்சுட்டு என் பையையும் சேத்துத் தூக்கிட்டு வந்து ஏறினா. எனக்கு அப்படித்தான் டீச்சர், யார்மேலயும் மனசுல எதையும் வெச்சுக்கத் தெரியாது.

என்ன டீச்சர், இவ்வளவு நேரம் நானே பேசிட்டு வர்றேன். நீங்க சொல்லுங்க, இதுல என் தப்பு என்ன இருக்கு?

ஏன் எந்திரிக்கறீங்க? ஸ்டாப் இன்னும் வரலயே. வெயில் அடிச்சா இந்தப் பக்கம் மாறிக்கங்க, நான் அங்க உக்காந்துக்கறேன். பாத்துப் போங்க, வளைவு வருது, கம்பியப் புடிச்சுக்கங்க. பையை விட்டுட்டுப் போறீங்களே. முன்னால எங்க போறீங்க? அங்க எடம் இல்ல, அது சௌந்தரி பக்கத்து சீட்டு, நான் துண்டு போட்டு வெச்சிருக்கேன்.

டீச்சர், அவளுக்குப் படிக்கத் தெரியாது. அந்தக் கார்ட நீங்க எதுக்கு வாங்கறீங்க?

டீச்சர்.